கோடைக்கால ஆங்கில விடுதிப் பள்ளிகள்

நம்மவருட் சிலர் தம் மக்களை ஆங்கிலம் பயில இங்கிலாந்துக்கு அனுப்பக் கருதி எம்மை வினவினர். அந்நாட்டு விடுதிப் பாடசாலைகள் பல ஜூலை, ஆகஸ்டு விடுமுறையில் வெறுமையுறும். அக்காலத்தே பிறநாட்டுச் சிறார் அவற்றிற் சில வாரம் உறைந்து, முற்பகலிற் பாடமும் பிற்பகலில் விளையாட்டுமாக ஆங்கிலம் பயில்வர். 18 வயதுக்குட்பட்டோரைப் பேணும் முறையையும் பிரிட்டிஷ் கவுன்சில் ஆராய்ந்தே அங்கீகாரம் அளிக்கின்றது. அது நன்று.

எனினும், பாடவேளையினும் படுக்கையறையையே யாம் பெரிதெனக் கொள்வோம். ஒரு தேசத்தார் கூட்டமாகப் பதிவு செய்துகொண்டு வருதல் அங்கு வழக்கம். இத்தாலியச் சிறுவர் நால்வர் ஓரறையிலிருப்பின், விளக்கணைந்தபின் அங்கு வழங்குவது இத்தாலியமே. ஜப்பானியன் ஒருவன் உடனுறையின், சோப்புக் கேட்பதற்கும் ஆங்கிலமே வேண்டும். இலக்கணம் வழுவினும் நாக்கூச்சம் நீங்கும். (இலக்கணம் கற்பிக்கும் யாமே இதனைச் சொல்கின்றோம்!) ஆதலின், பொருள் செலுத்துமுன் எத்தேசத்தார் எத்துணையர் என்று வினவுமின். பெரியப்பன் சித்தப்பன் மக்களை ஓரறையில் வைக்குமாறு மட்டும் வேண்டற்க.