ஜப்பானில் அறை எடுக்கும் முன் ரயில் நிலையத்தைப் பாருங்கள்



கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கமெல்லாம் இப்பொழுது ஜப்பான் பேச்சு அடிபடுகிறது. 2013-ஆம் ஆண்டு ஜூலை முதல் மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் குறுகிய காலப் பயணத்துக்கு விசா இல்லாமலேயே அங்கு போய் வரலாம். ஒரு காலத்தில் தைப்பூசத்துக்குப் பத்துமலை போய் வருவதே பெரும் பயணமாக இருந்த தோட்டத்துக் குடும்பங்களில், பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய், அம்மா அப்பாவையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு தோக்கியோ கிளம்புகிறார்கள். கூட்டு கட்டிச் சேர்த்த பணம், ஓவர்டைம் செய்து சேர்த்த பணம். அது வீணாகக்கூடாது அல்லவா?

பலரும் செய்வது என்னவென்றால், முதலில் விமான டிக்கெட், அடுத்து இணையத்தில் மலிவாகத் தெரிகிற ஓர் அறை, அதற்குப் பிறகுதான் எங்கே போவது என்ற யோசனை. இது தலைகீழ். ஜப்பானில் தங்கும் விடுதியை விலையை மட்டும் பார்த்து எடுக்கக்கூடாது. எந்த ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அதுவும் அறுபது எழுபது வயதைத் தாண்டியவர் கூட வருகிறார் என்றால் இதைத் தவிர வேறு கணக்கே வேண்டாம்.

ஏன் என்றால், நம் ஊரில் வாசலில் கார் ஏறி வாசலில் இறங்கிப் பழகிவிட்டோம். கோலசிலாங்கூருக்கு இன்று ரயிலே கிடையாது. ரயில் ஏற வேண்டுமானால் சுங்கை பூலோவுக்கோ குவாங்குக்கோ ரவாங்குக்கோ போக வேண்டும். தோக்கியோவில் கார் இல்லாமல் எல்லா இடத்துக்கும் போகலாம், ஆனால் நடக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி என்பது அங்கே சாதாரணம். மாலையில் களைத்துத் திரும்பும்போது நிலையத்திலிருந்து விடுதிக்கு இன்னும் பதினைந்து நிமிட நடை என்றால், மறுநாள் பாட்டி அறையை விட்டு வரமாட்டார். இரவுக்கு ஐம்பது வெள்ளி மிச்சம் பிடித்தோம் என்று மகன் நினைப்பான். பயணத்தில் பாதியை இழந்தது பாட்டிதான்.

தோக்கியோவில் ஷின்ஜுகு பெரிய பெயர். உலகிலேயே ஆள் நடமாட்டம் மிகுந்த ரயில் நிலையம் அதுதான். வாசல்கள் மட்டும் இருநூறு அளவில் இருக்கின்றன. தவறான வாசலில் ஏறிவிட்டால் விடுதி கண்ணுக்கு எதிரே தெரிந்தும் அரை மணி நேரம் சுற்ற வேண்டும். இளைஞர்களுக்கு அது வேடிக்கை. பெரியவர்களோடு போகிறவர்களுக்கு உவேனோ, அசாகுசா பக்கம் மேல். நரித்தா விமான நிலையத்திலிருந்து கெய்செய் ஸ்கைலைனர் என்ற விரைவு ரயில் முக்கால் மணி நேரத்துக்குள் நேரே உவேனோவில் கொண்டுவந்து விடும். ஹானேடாவில் இறங்கினால் அசாகுசாவுக்கு ரயில் மாறாமலேயே வரலாம். உவேனோவிலிருந்து நகரத்தைச் சுற்றி ஓடும் யாமானோத்தே ரயில், இரண்டு சுரங்க ரயில் தடங்கள், ஷின்கான்சென் எல்லாம் இருக்கின்றன. இன்னொரு வசதி, அடுத்த நிலையமான ஒக்காச்சிமாச்சி நகை, இரத்தினக்கல் வியாபாரிகளின் இடம். இந்திய வியாபாரிகள் அங்கே நெடுங்காலமாக இருப்பதால் சைவ உணவுக்கும் வழி உண்டு. இது சாதாரண விஷயமல்ல. ஜப்பானியச் சமையலில் காய்கறிக் குழம்பு என்று கொடுத்தாலும் அடியில் மீன் சாறு இருக்கும். சைவம் சாப்பிடுகிற அம்மாவை நாலு நாள் வெறும் சோறும் வாழைப்பழமும் சாப்பிட வைப்பது என்ன சுற்றுலா?

(சாப்பாடு என்றதும் ஒன்று. கோழி, ஆட்டிறைச்சி செருண்டிங், கறிப் பொட்டலம் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். இறைச்சி சேர்ந்த பொருளை ஜப்பானுக்குள் கொண்டுபோகத் தடை. ஊறுகாயும் இட்டலிப் பொடியும் போதும்.)

அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீட்டுச் சமையலறையைவிடச் சிறிய அறைகள் அங்கே உண்டு. பெரிய பெட்டியைத் திறந்து வைத்தால் கால் வைக்க இடமிருக்காது. ‘செமி டபுள்’ என்று போட்டிருந்தால் அது ஒருவர் தாராளமாகப் படுக்கும் கட்டில், இருவருக்கு நெருக்கடி. ‘டுவின்’ என்றால்தான் இரண்டு கட்டில். பாயும் மெத்தையும் தரையில் விரிக்கும் ஜப்பானிய அறை படத்தில் அழகாக இருக்கும், ஆனால் முட்டி வலி உள்ளவர் காலையில் எழுந்திருக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டும். பொதுக் குளியல் அறையில் ஆடையில்லாமல்தான் இறங்க வேண்டும் என்பதால், நம் பெரியவர்களுக்கு அறைக்குள்ளேயே குளியலறை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அறைக்குள் நுழையப் பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணியாகும். காலையில் போய் இறங்குகிறவர்கள் பெட்டியை மட்டும் வரவேற்பு மேசையில் ஒப்படைத்துவிட்டு வெளியே போகலாம். இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்குப் பெட்டியை அனுப்பி வைக்கும் ‘தாக்கியூபின்’ சேவையும் உண்டு. பெரும்பாலும் மறுநாளே போய்ச் சேர்ந்துவிடும். கிழவரின் கையில் பெட்டியைக் கொடுத்து மின்படியில் ஏற்றுவதைவிட அந்தச் செலவு எவ்வளவோ தேவலாம்.

அடுத்து ஜே.ஆர். பாஸ். முன்பு ஜப்பான் போனவர்கள் எல்லோரும் அதைத்தான் வாங்கச் சொன்னார்கள். அந்தக் காலம் போய்விட்டது. 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஒரே தாவலாக ஏறியது. தோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்கு ஷின்கான்சென் ஒரு வழிக் கட்டணம் சுமார் 14,000 யென். போக வர 28,000. பாஸ் எதற்கு? ஒரே நகரத்தில் தங்கிப் பக்கத்து ஊர்களுக்கு ரயிலில் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்கு நம் ‘டச் அண்ட் கோ’ மாதிரியான சுய்க்கா அட்டையே போதும். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை, பன்னிரண்டு வயதுக்குள் பாதி.

ஒசாகாவில் தங்குவோருக்கு இந்த முறை இன்னும் எளிது. ஒசாகா நிலையத்திலிருந்து கியோத்தோ அரை மணி, நாரா ஒரு மணிக்குள், ஹிமேஜி கோட்டை ஒரு மணி. எல்லாமே சாதாரண ரயில். கியோத்தோவில் அறை விலை ஏறியிருக்கும் பருவத்தில் ஒசாகாவில் படுத்துக்கொண்டு கியோத்தோவைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

தோக்கியோவிலிருந்து பகல் பயணம் என்றால் நிக்கோவும் காமாகுராவும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் பெரியவர்களுக்குக் காமாகுரா. நிக்கோ கோயில்கள் அற்புதமானவைதான், ஆனால் கற்படிகள் அதிகம். காமாகுராவுக்குத் தோக்கியோ நிலையத்திலிருந்து ஒரு மணி நேரம். அங்கிருந்து எனோடென் என்ற சிறிய ரயில் வீடுகளுக்கு இடையே புகுந்து போகும். ஹாசே நிலையத்தில் இறங்கி மெதுவாக நடந்தால், 13-ஆம் நூற்றாண்டில் வார்த்த வெண்கலப் புத்தர் திறந்த வெளியில் அமர்ந்திருக்கிறார். பதினொரு மீட்டருக்கு மேல் உயரம். அவரைச் சுற்றியிருந்த மண்டபம் 500 ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது.

உவேனோவில் தங்கியவர்கள் ரயில் ஏறாமலேயே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. ஷினோபாசு குளத்தின் நடுவே உள்ள கோயிலில் பென்சைத்தென் குடியிருக்கிறாள். அவள் வேறு யாருமல்ல, நம் சரஸ்வதி. புத்த சமயத்தோடு சீனா வழியாகப் போய் அங்கே பெயர் மாறிவிட்டாள். அசாகுசா பக்கத்து மாத்சுச்சியாமா ஷோடென் கோயிலில் வணங்கப்படுபவர் ஆனைமுகக் கடவுள். அங்கே அவருக்குப் படைப்பது வெள்ளை முள்ளங்கி! உருவத்தை யாருக்கும் காட்டமாட்டார்கள். நம் பாட்டிமார்களுக்குத் தோக்கியோ டவரைவிட இது பிடிக்கும் என்பதில் சந்தேகமில்லை.

இனிச் சொல்வது சுற்றுலாக் கையேடுகளில் பெரும்பாலும் வராது.

ஜப்பான், ரயில் என்ற இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொன்னால் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது ஷின்கான்சென் அல்ல. சயாம். 1942, 43-இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானிய இராணுவம் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆள் எடுத்தது. சிலாங்கூர் தோட்டங்களும் தப்பவில்லை. நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்றார்கள். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. போர்க் கைதிகளாக இருந்த வெள்ளைக்காரர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு ஒழுங்கான கணக்குக்கூட இல்லை. ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்று நாவலே எழுதினார். அந்தப் பாதைக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்கே இன்று எண்பது வயதைத் தாண்டிவிட்டது.

அந்தப் பாதையில் ஓடிய நீராவி இயந்திரம் ஒன்று இன்று தோக்கியோவின் நடுவே நிற்கிறது. அதன் எண் சி56 31. 1936-இல் செய்தது. போர்க்காலத்தில் இந்த வகை இயந்திரங்கள் தொண்ணூற்றைத் தென்கிழக்காசியாவின் மீட்டர் தண்டவாளத்துக்கு ஏற்ப மாற்றி அனுப்பினார்கள். 1943 அக்டோபரில் பாதை திறப்பு விழாவில் ஓடியது இதுதான். 1979-இல் இதை ஜப்பானுக்குத் திரும்பக் கொண்டுவந்து, யாசுகுனி ஆலயத்தை ஒட்டிய யூஷூகான் காட்சியகத்தின் முன்கூடத்தில் வைத்தார்கள். கரும்பச்சைத் தூசியோ துருவோ இல்லாமல் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார்கள். யாசுகுனி சாதாரண ஆலயமல்ல என்பதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். முதல் தரப் போர்க் குற்றவாளிகள் என்று குற்றம் சாட்டப்பட்ட தலைவர்கள் பதினான்கு பேரை 1978-இல் அங்கே வணக்கத்துக்குரியவர்களாகச் சேர்த்தார்கள். சீனாவும் கொரியாவும் இன்றுவரை அதை எதிர்க்கின்றன. காட்சியகம் போரை ஜப்பானிய இராணுவத்தின் பார்வையில்தான் சொல்கிறது. கித்தா மரத்தடியிலிருந்து போனவனின் கதையை அங்கே தேடினால் ஏமாற்றம்தான்.

அப்படியானால் போக வேண்டுமா? அதைப் பிள்ளைகள் முடிவு செய்யக்கூடாது. அப்பாவை அந்தப் பாதையில் பறிகொடுத்த ஒரு பெரியவர் அந்த இயந்திரத்தைத் தொட்டுப் பார்க்க விரும்பலாம். அந்தத் திசையே வேண்டாம் என்றும் சொல்லலாம். இரண்டும் நியாயம். டிக்கெட் எடுக்கும் முன்பே, ஊரிலேயே, வீட்டில் உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும். அங்கே போய் வாசலில் வைத்து ‘இதுதான் அந்த ரயில்’ என்று திடீரென்று காட்டுவது கொடுமை. போகிறவர்கள் உவேனோவில் கின்ஸா தடம் ஏறி, மித்சுகோஷிமாயேயில் ஹான்சோமோன் தடத்துக்கு மாறி, குடான்ஷித்தாவில் இறங்க வேண்டும். அரை மணி நேரம். நிலையத்திலிருந்து மேலே ஏற்றம், நின்று நின்று நடக்கலாம்.

இன்னொரு இடம் ரெங்கோஜி. நேதாஜியின் அஸ்தி என்று சொல்லப்படுவது 1945 செப்டம்பரிலிருந்து இந்தச் சிறிய புத்தர் கோயிலில்தான் இருக்கிறது. தைவான் விமான விபத்தையே நம்பாதவர்கள் நம்மிடையே உண்டு, அந்த வழக்கு இங்கே தீரப்போவதில்லை. ஆனால் தோட்டத்துப் பெண்கள் தாலியையும் தோட்டையும் கழற்றிக் கொடுத்ததும், பால் வெட்டிய இளைஞர்கள் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்ததும், ஜான்சி ராணிப் படைக்கு மலாயாப் பெண்கள் போனதும் உண்மை. ஜப்பான்காரன் சயாமுக்குப் பிடித்துப் போன அதே காலத்தில் அதே தோட்டங்களில் நடந்தது இது. ஒரே லயத்தில் ஒரு வீட்டில் சயாம், அடுத்த வீட்டில் நேதாஜி. கோயில் முற்றத்தில் அவருடைய மார்பளவுச் சிலை நிற்கிறது. நேருவும் இந்திரா காந்தியும் வந்து போன இடம். உள்ளே அஸ்தியை எல்லா நாளும் காட்டமாட்டார்கள். கின்ஸா தடத்தில் அகாசாகாமித்சுகே வரை வந்து, எதிர்ப் பக்கத்திலேயே மாருனோச்சி தடத்துக்கு மாறி, ஹிகாஷிகோயென்ஜியில் இறங்கினால் பத்து நிமிட நடை. சுற்றிலும் மக்கள் குடியிருக்கும் அமைதியான தெரு, கூட்டமாகச் சத்தம் போட்டுக்கொண்டு போகக்கூடாது.

கடப்பிதழ் விஷயத்தையும் விட்டுவிடக்கூடாது. இங்கேயே பிறந்து, இங்கேயே பால் வெட்டி, இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் பெரியவர்கள் நம் தோட்டங்களில் உண்டு. அவர்களுக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது, விசா இல்லாப் பயணமும் கிடையாது. டிக்கெட்டுக்குப் பணம் கட்டிய பிறகு இதைக் கண்டுபிடித்துப் பாட்டியை மட்டும் வீட்டில் விட்டுப் போகும் நிலை வரக்கூடாது. முதலில் அடையாள அட்டையின் நிறத்தைப் பாருங்கள், குடிநுழைவு இலாகாவிலும் ஜப்பானியத் தூதரகத்திலும் விசாரியுங்கள், அதன் பிறகு விமானம்.

காலம் என்று பார்த்தால் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை ஜப்பானியர்களே ஊர் சுற்றும் விடுமுறை. அறையும் கிடைக்காது, ரயிலில் உட்கார இடமும் கிடைக்காது. ஆகஸ்டு நடுவில் ஓபோன், முன்னோர்களுக்கு விளக்கேற்றும் பண்டிகை, அப்பொழுதும் அதே கூட்டம். ரெங்கோஜியில் நேதாஜி நினைவு நாள் ஆகஸ்டு 18, அந்த விடுமுறையை ஒட்டியே வருகிறது. அன்றைக்கு அங்கே இருக்க விரும்புகிறவர்கள் உவேனோ அறையைப் பல மாதங்களுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். தோக்கியோவில் அப்பொழுது வெயில் 35 டிகிரியைத் தொடும். காலையிலேயே கிளம்பி, பதினொரு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுவது நல்லது.