முப்பத்தொன்பது சில்லிங்

குற்றத்தையும் தண்டனையையும் பற்றிய எண்ணம் காலப்போக்கில் எப்படி மாறியது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பாபிலோன் மன்னன் ஹமுராபியில் தொடங்கினால் இன்றைக்கு முடியாது. அதனால் எனக்கு மிகவும் பிடித்த ஓர் இடத்தில் நேராகப் போய் இறங்குகிறேன். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன்.

அன்றைய இங்கிலாந்தில் தூக்கு கொலைக்கு மட்டுமானதாக இருக்கவில்லை. கடையில் யாருக்கும் தெரியாமல் 5 சில்லிங் பெறுமான பொருளை எடுத்தால் தூக்கு. வீடு ஒன்றுக்குள் 40 சில்லிங் பெறுமானத்தைத் திருடினால் தூக்கு. 1760களில் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் மரண தண்டனைக்குரிய குற்றங்களை எண்ணிப் பார்த்து 160 என்று எழுதினார். பிறகு அந்தக் கணக்கு இருநூறைத் தாண்டியது. ஏன் இத்தனை கடுமை என்கிறீர்களா? லண்டன் மாநகரப் போலீஸ் உருவானதே 1829இல்தான். திருடனைப் பிடிக்கச் சரியான ஏற்பாடில்லாத அரசு, அகப்பட்டவனைத் தொங்கவிட்டு மற்றவர்களை மிரட்டப் பார்த்தது.

இங்கேதான் என் நாயகர்கள் வருகிறார்கள். ஜூரிகள்! கடைக்காரர், கைத்தொழில்காரர் என்று ஊரில் ஓரளவு வசதியுள்ள 12 ஆண்கள். பெண்களுக்கு அப்போது அங்கே இடமில்லை. எதிரே கூண்டில் ஒரு வேலைக்காரப் பெண் நிற்கிறாள். எஜமானி வீட்டுப் பொருளைத் திருடியது நிரூபணமாகிவிட்டது. குற்றமே இல்லை என்று சொல்ல மனசாட்சி இடம் தராது. தூக்குமேடைக்கு அனுப்பவும் மனம் வராது. என்ன செய்தார்கள்? “குற்றவாளிதான், ஆனால் பொருளின் மதிப்பு 39 சில்லிங்” என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஒரு சில்லிங் குறைந்தது, ஓர் உயிர் பிழைத்தது. ஒருமுறை 10 பவுண்டு நோட்டு ஒன்றின் மதிப்பே 39 சில்லிங் என்று முடிவு செய்தார்கள். பவுண்டுக்கு 20 சில்லிங், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பின்னர் 1827இல் அந்த 40 சில்லிங் வரம்பை 5 பவுண்டாக, அதாவது 100 சில்லிங்காக உயர்த்தினார்கள். ஜூரிகளும் சளைக்கவில்லை. திருட்டுப் பொருளின் விலை 99 சில்லிங்குக்கு ஏறியது!

சிரிக்கிறீர்கள். நம் நீதிமன்றங்களில் பல வருடம் கறுப்பு கவுன் மாட்டியவன் என்பதால் எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. ஒரு சைக்கிள் திருட்டு வழக்கு. சைக்கிளைப் பறிகொடுத்தவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். அரசு வழக்கறிஞர், “இது உங்கள் சைக்கிள்தானே?” என்றார். “என்னுது மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்குங்க ஐயா.” எவ்வளவு கேட்டும் அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. பிறழ் சாட்சி என்று பதிவாயிற்று. வெளியே வேப்பமரத்தடியில் என்னிடம் சொன்னார்: “பையன் என் பேரன் வயசு, வக்கீல் சார். சைக்கிள் போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம்.” சாட்சிகள் காசுக்கு மட்டும்தான் பிறழ்வார்கள் என்று நினைக்காதீர்கள். தண்டனை தன் மனதுக்கு ஒப்பாவிட்டால் நேர்மையான ஆளும் பின்வாங்குவார்.

ஜூரிகளை நாயகர்கள் என்றதால் தத்துவஞானிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. இத்தாலியரான பெக்காரியா 1764இலேயே, தண்டனை கொடூரமாக இருப்பதைவிடத் தப்பாமல் கிடைப்பதே குற்றத்தைத் தடுக்கும் என்று எழுதிவிட்டார். அதை இங்கிலாந்தில் சட்டமாக்கப் போராடியவர் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் ரோமிலி. 1808இல் பிக்பாக்கெட்டுக்கான தூக்கை நீக்கவைத்தார். 1810இல் கடைத் திருட்டுக்கும் நீக்கக் கேட்டபோது பிரபுக்கள் சபை மறுத்தது. தலைமை நீதிபதி எல்லன்பரோவே எதிர்த்தார்.

அசைந்து கொடுக்காத நாடாளுமன்றத்தை அசைத்தவர்கள் யார் தெரியுமா? வங்கி முதலாளிகள்! 1830இல் நாடெங்குமுள்ள வங்கிக்காரர்கள், கள்ளக் கையெழுத்துக்கான மரண தண்டனையை எடுத்துவிடுங்கள் என்று மனுக் கொடுத்தார்கள். இரக்கத்தினால் என்று நினைத்துவிடாதீர்கள். தூக்கு என்றதும் புகார் கொடுக்க ஆள் வருவதில்லை, ஜூரி தண்டிப்பதில்லை, கள்ளன் சிரித்துக்கொண்டே போகிறான், நஷ்டம் எங்களுக்கு என்றார்கள். கடுமையான சட்டத்துக்குப் பல்லே இல்லாமல் போயிருந்தது. 1837க்குள் அந்தத் தூக்கு முழுதாக ஒழிந்தது.

நேரம் ஓடுகிறது, மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1868இல் பொது இடத்தில் தூக்கிலிடுவது இங்கிலாந்தில் நின்றது. 1964 ஆகஸ்டில் கடைசித் தூக்கு. இந்தியாவுக்கு மெக்காலே 1837இல் வரைந்து, 1860இல் நிறைவேறிய தண்டனைச் சட்டம், சாதாரணத் திருட்டுக்கு விலை பார்க்காமல் அதிகபட்சம் மூன்று ஆண்டு என்று வைத்து, அளவை நீதிபதியிடம் விட்டது. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் விலை மறுபடியும் வந்திருக்கிறது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல்முறை தண்டனை பெறுபவர் அதைத் திருப்பிக் கொடுத்தால், சிறைக்குப் பதில் சமூக சேவை. இனி நம் ஊரிலும் 4,999 ரூபாய்ப் பொருள்கள் நிறையத் திருட்டுப் போகும் என்பது என் ஊகம்!

நெஞ்சை உலுக்கும் குற்றச் செய்தி வரும்போதெல்லாம் இன்னும் கடுமையான தண்டனை வேண்டும் என்று கேட்கிறோம். அந்தக் கோபம் நியாயமானது. கூடவே இதையும் கேளுங்கள்: புகாரை உடனே பதிந்தார்களா, ஆளைப் பிடித்தார்களா, வழக்கு எப்போது முடியும்? சின்னத் தண்டனையானாலும் நிச்சயம் கிடைக்கும் என்றால்தான் திருடன் யோசிப்பான். அந்தக் கேள்விகளைக் கேட்கும் மக்களாக நாம் மாறுவோம் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.