அவரவர்க்கு உரிய மருத்துவச் செய்தி

(விழா அரங்கில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நான் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறித் தொடங்குகிறேன். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை உட்கொண்டு வந்த அம்மையார் ஒருவருக்கு, இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 52 என வந்தது. அவருடைய மகன் அன்றிரவே இணையத்தில் தேடினார். சிறுநீரகம் பழுதுற்றோர் மெட்ஃபார்மின் உட்கொள்ளலாகாது என்ற செய்தி கண்ணில் பட்டது. மறுநாளே மாத்திரை நிறுத்தப்பட்டது. சில வாரங்கள் கழித்து அம்மையார் என்னிடம் வந்தபோது சர்க்கரை மிக உயர்ந்திருந்தது.

மகன் படித்தது பொய்யன்று. ஆயினும் அது அவருடைய அன்னைக்கு உரியதன்று. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் வெளியிட்ட அறிவுரைப்படி, அவ்வளவு 30க்குக் கீழே இறங்கினால் அம்மருந்து கூடாது. 45க்குக் கீழே குறைந்தால் தொடர்வதா என்பதை மருத்துவர் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். 52 என்ற அளவை மட்டும் கண்டு நிறுத்தத் தேவையில்லை. மெய்யான செய்தியும் உரியவரைச் சேராவிடில் தீங்கு விளைவிக்கிறது.

இக்குறையை நீக்க அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் படிப்படியாக முயன்றது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் ‘பப்மெட்’ 1997இல் அனைவருக்கும் கட்டணமின்றித் திறக்கப்பட்டது. மறு ஆண்டே பொதுமக்களுக்கான எளிய விளக்கங்களுடன் ‘மெட்லைன்பிளஸ்’ வந்தது. 2010இல் ‘மெட்லைன்பிளஸ் கனெக்ட்’ தோன்றியது. நோயாளியின் மின்னணுப் பதிவேட்டில் நோய், மருந்து, பரிசோதனை ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு உண்டு. அக்குறியீட்டை அனுப்பினால் அதற்குரிய விளக்கம் வந்து சேரும். நோயாளியின் பெயரை அனுப்ப வேண்டுவதில்லை.

நம் நாட்டில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் 2021இல் நாடெங்கும் தொடங்கப்பட்டது. அதன்வழி ஒவ்வொருவரும் 14 இலக்கச் சுகாதாரக் கணக்கு எண் பெறலாம். இத்திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளின் அறிக்கைகளை, நம் இசைவின் பேரில் மருத்துவர் காண இயலும். பழைய அறிக்கை தொலைந்தது என்ற கவலை இதனால் குறையும்.

எனினும், குறியீடு நோயின் பெயரைத்தான் சொல்லும். நோயாளியின் வாழ்க்கையைச் சொல்லாது. நம் இல்லங்களில் நோன்பு நோற்பது வழக்கம். இன்சுலின் போட்டுக்கொள்வோரும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உட்கொள்வோரும் உண்ணாதிருந்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடக் கூடும். கதிரவன் மறைந்தபின் உண்ணாதவர்கள் இரவு மருந்தை எப்போது கொள்வது என்பதும் அவ்வாறே கேட்டறிய வேண்டியது. இவற்றை நாம் சொன்னாலன்றி மருத்துவர் அறியார், இணையமும் அறியாது.

ஆகவே இணையத்தில் தேடாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். தேடுங்கள், படித்ததைக் குறித்துக்கொண்டு, அறிக்கையோடு மருத்துவரிடம் கொண்டு வாருங்கள். “இது எனக்குப் பொருந்துமா?” என்று கேளுங்கள். அதற்கு விடை கிடைக்கும் வரையில், உட்கொள்ளும் மருந்தைத் தாமாக நிறுத்தாதிருங்கள். அந்த அம்மையாரின் மகன் இப்போது ஒவ்வொரு முறையும் சிறு குறிப்பேட்டுடன் வருகிறார். அவருடைய வினாக்களால் நானும் சிலவற்றை மீண்டும் படித்துத் தெளிந்திருக்கிறேன்.