கவுண்டி அலுவலகத்தின் வாசல்

அமெரிக்கக் கிராமத்தில் வேளாண் கடனோ மண்வளப் பாதுகாப்பு மானியமோ கேட்டு, கவுண்டியின் வேளாண் சேவை மையத்துக்குப் போனால் முதலில் பண்ணை எண் வேண்டும். அதற்கு நிலப்பத்திரம் கேட்பார்கள். தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் நிலம் நிறைய, உயில் இல்லாமல் வாரிசுகளிடம் கூட்டாகக் கிடக்கிறது. வெள்ளையரின் நீதிமன்றத்தை நம்பி யார் உயில் எழுதுவார்? 2018 வேளாண் சட்டத்துக்குப் பிறகுதான் மாற்று ஆவணங்களுக்கு வழி பிறந்தது.

கடனை முடிவு செய்தது யார்? உள்ளூர் விவசாயிகள் தேர்ந்தெடுத்த கமிட்டி. ஜனநாயகம்தான்! உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். விதைப்புக்குக் கேட்ட பணம் பருவம் தவறி வரும், அல்லது வராது. நிலம் ஏலத்துக்குப் போகும். 1999இல் பிக்ஃபோர்ட் வழக்கு சமரசத்தில் முடிந்தது. வென்றவர்களில் பெரும்பாலோருக்கு 50,000 டாலர் கிடைத்தது. ஏலம் போன நிலத்தை வேறொருவர் உழுதுகொண்டிருந்தார்.