பட்டியும் பள்ளியும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

புலவர் பெருமக்கள் பேசிச் சென்ற இம்மேடையிலே, பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வே பார்சல் அலுவலகத்தில் எடைச்சீட்டு எழுதிக் காலங்கழிக்கும் எங்களைப் போன்றோர் வந்து நிற்பது சிறிது கூச்சமாகவே உள்ளது. இலக்கியம் பேச எங்களுக்குத் தகுதி போதாது. ஆகவே ஆட்டைப் பற்றிப் பேசுகிறோம். நகைக்க வேண்டா. செம்மறி வளர்க்கும் வீட்டில் பிள்ளைகளின் பள்ளிச் செயல்திட்டம் எவ்வாறு நடந்தேறுகிறது என்பதைச் சொல்லுமாறு நம் செயலாளரே பணித்தார்.

எங்கள் ஊர் சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பம். தெலுங்கில் வெதுரு என்றால் மூங்கில். பழந்தமிழில் வெதிர் என்றாலும் மூங்கிலே. குப்பமோ சிற்றூர். எனவே இவ்வூர்ப் பெயரை இருமொழியினரும் தமதென்று கொண்டாடலாம். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. அன்றுதொட்டு எங்கள் வீட்டில் அடுக்களையிலும் ஆட்டுப்பட்டியிலும் தமிழ், பள்ளியிலே தெலுங்கு என்று வழக்கம் அமைந்துவிட்டது. இப்போது ஆங்கிலமும் வந்து நடுவில் அமர்ந்திருக்கிறது.

ஊரில் எங்கள் அண்ணார் எழுபது செம்மறிகளை வைத்துக் குடும்பம் நடத்துகிறார். விடுப்புக் கிடைக்கும்போதெல்லாம் நாங்களும் அங்கே சென்றுவிடுகிறோம். பட்டி வாழ்க்கை என்றால் மந்தையை ஓட்டிக்கொண்டு போய்க் குழலூதும் வாழ்க்கை என்று பட்டணத்தார் எண்ணுவர். குழலூத நேரமிருந்தால் அண்ணியார் சிறிது உறங்குவார்! விடியுமுன் எழுந்து புழுக்கையைக் கூட்டி வாரவேண்டும்; குட்டிகளைத் தாயிடம் விடவேண்டும்; எந்த ஆடு நொண்டுகிறது, எது அசைபோடாமல் நிற்கிறது என்று பார்க்கவேண்டும். வேர்க்கடலை பிடுங்கிய பின் கொல்லைக்காரர் கிடை போட அழைப்பர். அப்போது இரவெல்லாம் வயலிலேயே காவல். எங்கள் அன்னையாருக்கு எழுத்தறிவு இல்லை. ஆயினும் அந்தியில் மந்தை திரும்புகையில் எண்ணாமலே, "சுட்டியைக் காணோமே" என்று சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னதுதான், சுட்டி எங்கேனும் வேலியில் மாட்டிக்கொண்டிருக்கும்.

இவ்வீட்டு மூத்த பெண் ஒன்பதாம் வகுப்புப் படித்த ஆண்டு, பயன் தரும் விலங்குகள் பற்றிச் செயல்திட்டம் செய்து வரும்படி பள்ளியில் சொல்லி அனுப்பினர். பிள்ளைகள் வழக்கம்போல் கடைக்குச் சென்று படத்தாள் வாங்கினர். வாங்கி வந்த படத்தில் ஆடு பஞ்சுமூட்டைபோல் இருந்தது. கண்ணும் மூக்கும் தவிர மற்றதெல்லாம் மயிர். பெண் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இது நம் ஆடு இல்லையே, சித்தப்பா" என்றாள்.

அவள் சொன்னது மெய். வெளிநாட்டு மெரினோ ஆட்டின் படம் அது. எங்கள் பகுதியில் உள்ளது நெல்லூர் இனம். இந்தியச் செம்மறி இனங்களில் மிக உயரமானது இதுவே. இதன் உடலில் குட்டை முடிதான் உண்டு; கத்தரித்து நூற்கக் கம்பளி கிடையாது. இறைச்சிக்காக வளர்க்கப்படுவது. வெண்ணிறத்ததைப் பல்லா என்றும், கண்ணையும் வாயையும் சுற்றிக் கறுப்புள்ளதை ஜோடிபி என்றும், முழுதும் பழுப்பானதைத் தோரா என்றும் பிரித்துச் சொல்வர். கம்பளி தருவது வடக்கே உள்ள தக்காணி இனம். குருபர் நெய்யும் கம்பளி அதனுடையது. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி ஆந்திரத்தில் 1 கோடியே 76 இலட்சம் செம்மறிகள். தெலங்கானம் ஒன்றே அதனினும் மிகுதி. இத்தனை ஆடுகள் வாழும் நாட்டில் படக்கடைக்காரர் மெரினோவை விற்கிறார்!

வீட்டில் வழக்கு எழுந்தது. "புத்தகத்தில் இருப்பதை எழுதி மதிப்பெண் வாங்கு" என்றார் அண்ணியார். அதுவும் தள்ளத்தக்க சொல்லன்று. மதிப்பெண் குறைந்தால் ஏச்சுக் கேட்பவள் பெண்ணல்லவா? "நம் பட்டியைப் பற்றி எழுதுவதென்றால் பொய்யாக எழுதக்கூடாது" என்றார் அன்னையார். இறுதியில் பெண்ணே தீர்ப்புச் சொன்னாள்: புத்தகத்து ஆடு ஒரு பக்கம், நம் ஆடு மறுபக்கம்.

செயல்திட்டம் என்பது நேற்று முளைத்த தொல்லை என்று பெற்றோர் பலர் நினைக்கிறோம். 1918-இல் அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் இம்முறையை விளக்கிக் கட்டுரை எழுதினார். நம் நாட்டிலே 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில், கைத்தொழில் வழியே கல்வி என்பதைக் காந்தியடிகள் வற்புறுத்தினார். எங்கள் வட்டாரத்திற்கு அப்பால் மதனப்பள்ளிக்கருகே ரிஷி வேலிப் பள்ளியார் சுற்றுச் சிற்றூர்களில் சிறு பள்ளிகள் அமைத்து, பிள்ளைகள் தத்தம் வேகத்தில் கற்கும்படி பாட அட்டைகள் செய்து பெயர்பெற்றனர். பிள்ளையின் ஊரும் வீடும் பாடத்துக்குள் வரவேண்டும் என்பதே இவற்றின் கருத்து. வழக்கத்திலோ படத்தாளும் பசையும் மட்டும் மிஞ்சிவிட்டன. பல வீடுகளில் தந்தையார் இரவு பதினொரு மணிக்கு ஒட்டுகிறார், பிள்ளை உறங்குகிறது.

எங்களால் இயன்ற உதவி ஒன்றுதான்: எடை போடுவதும் பதிவேட்டில் எழுதுவதும் எங்கள் தொழில். கொக்கித் தராசு ஒன்றை வேப்பங்கிளையில் மாட்டி, குட்டியைத் துணித்தூளியில் வைத்து நிறுக்கக் கற்பித்தோம். குட்டி துள்ளும்போது படிக்கலாகாது, முள் நின்றபின் படி. துணியின் எடையைக் கழி. நாளைக்கென்று வைக்காமல் அப்போதே எழுது. இவ்வளவே. ஞாயிறுதோறும் மூன்று குட்டிகளை நிறுத்து வரைபடத்தாளில் குறித்தாள் பெண். அண்ணாரோ வாயைப் பிரித்துப் பல் பார்க்கக் காட்டினார். ஆட்டுக்கு மேல்வாயில் முன்பல் இல்லை என்பதும், கீழ்வாயில் உள்ள எட்டுப் பாற்பற்கள் இரண்டிரண்டாக விழுந்து முளைப்பதைக் கொண்டு வயது சொல்லலாம் என்பதும் எங்களுக்கே அன்றுதான் தெளிவாகத் தெரிந்தன.

மூன்று குட்டிகளில் ஒன்று மற்றவற்றை மிஞ்சியது. சந்தையில் சினையாக வாங்கி வந்த ஆட்டின் குட்டி அது. தாய்க்குப் பால் மிகுதி. பத்தாம் வாரத்தில் 11 கிலோவைத் தொட்டது. அதன் கோடு தாளில் எல்லாவற்றிற்கும் மேலே சென்றது. அவ்வாரம் நல்ல மழை. புல் தளிர்த்தது. மறுநாள் விடியலில் அக்குட்டி கால்களை உதைத்துக்கொண்டு கிடந்தது, வெயிலேறுமுன் இறந்தது.

அன்னையார் பார்த்தவுடனே "துள்ளுமாரி" என்றார். தெலுங்கர் சிடுக ரோகம் என்பர். கால்நடை மருத்துவர் விளக்கினார்: குடலில் எப்போதும் சிறிதளவு வாழும் கிருமிதான், பாலோ பசும்புல்லோ திடீரென மிகுந்தால் பெருகி நஞ்சைக் கக்கும், ஆகையால் கொழுத்த குட்டியையே முதலில் கொண்டுபோகும். சினையாட்டுக்கு முன்னரே தடுப்பூசி போட்டிருந்தால் சீம்பால் வழியே குட்டிக்கும் காப்புக் கிடைக்கும். வாங்கி வந்த ஆட்டுக்குப் பழைய உடையவர் போட்டாரா என்பது யாருக்குத் தெரியும்?

பெண் இரண்டு நாள் நோட்டைத் தொடவில்லை. பிறகு, அந்தக் கோட்டை அழித்துவிட்டு வேறு குட்டியின் எடையை எழுதலாமா என்று கேட்டாள். பார்சல் பதிவேட்டில் வந்து சேராத மூட்டையை நாங்கள் அழிப்பதில்லை, வந்து சேரவில்லை என்றே எழுதுகிறோம் என்றோம். கோட்டை அங்கேயே நிறுத்தி, நாளிட்டு, அடியில் நோயின் பெயரை இருமொழியிலும் எழுதினாள். பள்ளியில் கம்பளி பற்றிய வினாவுக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தே விட்டனர். ஆனால் அறிவியல் ஆசிரியை ஒரு சனிக்கிழமை பட்டிக்கே வந்து, அன்னையாரிடம் ஒரு மணி நேரம் பேசிச் சென்றார்.

பத்தாம் வகுப்போடு அவளை நிறுத்திப் பட்டிக்குத் துணையாக்கலாம் என்ற பேச்சு வீட்டில் இருந்தது, மறைப்பானேன்? இன்று அப்பேச்சு முற்றிலும் ஓய்ந்தது என்று சொல்லமாட்டோம். ஆயினும் வாங்கும் ஒவ்வோர் ஆட்டுக்கும் ஊசி போட்ட நாளை அவள்தான் எழுதுகிறாள். அண்ணார் அவளைக் கேட்காமல் மருத்துவரை அழைப்பதில்லை. மேற்படிப்புக்கென்று இரண்டு பெட்டைக் குட்டிகளை அண்ணியார் தனியே அடையாளமிட்டு வைத்திருக்கிறார்.

இளையவனுக்கு இவ்வாண்டு வந்த செயல்திட்டம், வீட்டுத் தொழிற்சொற்களைத் திரட்டுதல். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் தெலுங்கு. கிடாய்க்குப் பொட்டேலு, மந்தைக்கு மந்த என்று தெலுங்குப் பக்கம் விரைவில் நிரம்பியது. தமிழ்ப் பக்கத்திற்கு அன்னையாரே அகராதி. தொல்காப்பிய மரபியல் ஆட்டின் ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என்று பெயர் தருவதாகத் தமிழாசிரியர் ஒருவர் எழுதிக் கொடுத்தார், அன்னையார் கேட்டுவிட்டு, "அத்தனை பேர் வைத்தால் எதைக் கூப்பிடுவது?" என்றார். இதுவரை 42 சொற்கள் சேர்ந்துள்ளன. பல் முளைக்கும் ஒவ்வொரு பருவத்திற்கும், மேய்ச்சலில் பின்தங்கும் ஆட்டிற்கும் தனிப்பெயர் உண்டா என்பது இன்னும் நிரம்பவில்லை. இங்கே திருத்தணி, ஆரணி, செய்யாறு வட்டாரத்துப் பெரியோர் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். பட்டி வைத்திருந்த வீட்டார் யாரேனும் இருப்பின், கூட்டம் முடிந்ததும் வாயிலருகே சிறிது நின்று சொல்லிச் செல்லுங்கள். அவனது நோட்டு எங்கள் பையிலேயே இருக்கிறது.