நம் முகவரி நம் கையில்



கைப்பேசி தொலைந்தால் இப்போதெல்லாம் யாரும் பெரிதாகப் பதறுவதில்லை. புதியதை வாங்கிப் பழைய கணக்கில் நுழைந்ததும் எண்கள் எல்லாம் வந்துவிடுகின்றன. அதுவரை அவை ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருந்தன. அந்தக் கணக்கையே நிறுவனம் முடக்கிவிட்டால்? மின்னஞ்சல், காலண்டர், தொடர்பு எண்கள் மூன்றும் ஒரே நாளில் போகும். இந்தக் கவலையால்தான் சிலர் மூன்றுக்கும் சொந்த சர்வர் வைத்துக்கொள்கிறார்கள்.

காலண்டரும் எண்களும் சுலபம். காலண்டருக்குக் கால்டேவ், எண்களுக்குக் கார்டுடேவ் என்று இரண்டு பொது விதிமுறைகள் உண்டு. முன்னது 2007இலும் பின்னது 2011இலும் வெளியானவை. ராடிகேல் என்ற இலவச மென்பொருளை ராஸ்பெர்ரி பை போன்ற குட்டிக் கணினியில் நிறுவினால் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். ஐஃபோனில் இதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது; ஆண்ட்ராய்டுக்கு ஒரு செயலி வேண்டும். எனக்குப் பிடித்தது, ஒவ்வொருவருடைய விவரமும் ஒரு சின்னக் கோப்பாக இருப்பதுதான். திறந்தால் பெயர் ஒரு வரி, எண் ஒரு வரி. படிக்கத் தனி மென்பொருளே வேண்டாம்.

மின்னஞ்சல் அப்படியல்ல. கடிதங்களைப் பெறுவதில் சிக்கல் குறைவு. அதற்கான போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் என்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மின்சாரம் போய் உங்கள் சர்வர் படுத்துவிட்டாலும், அனுப்பிய சர்வர் விட்டுவிட்டு முயன்றுகொண்டே இருக்கும். பொதுவாக நான்கைந்து நாள்வரை.

அனுப்புவதுதான் பாடு. வீட்டு இணைய இணைப்புகள் பலவற்றில், சர்வர்கள் கடிதம் அனுப்பும் வழியான 25ஆம் எண் போர்ட்டையே அடைத்துவைத்திருக்கிறார்கள். திறந்திருந்தாலும் வீட்டு ஐபி முகவரி என்றாலே எதிர்முனைக்குச் சந்தேகம். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று அத்தாட்சிகள் காட்ட வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் இதில் இன்னும் கறார். எல்லாம் சரியாக இருந்தும் கடிதம் ஸ்பாமில் விழலாம். வேடிக்கை என்னவென்றால், உங்கள் சர்வரின் பதிவேட்டில் 250 என்ற எண்ணோடு 'ஏற்கப்பட்டது' என்றே இருக்கும். நண்பர் ஏன் பதில் போடவில்லை என்று நீங்கள் வருத்தப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.

ஆகவே என் யோசனை இது. காலண்டரையும் எண்களையும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மின்னஞ்சலுக்குச் சொந்த டொமைன் பெயர் மட்டும் வாங்கி, கட்டணச் சேவை ஒன்றில் இணைத்துவிடுங்கள். நாளை அந்தச் சேவை பிடிக்காமல் போனால் கடிதங்கள் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும், டொமைனின் எம்எக்ஸ் பதிவை மாற்றி வேறிடம் போகலாம். முகவரி மாறாது, யாருக்கும் தகவல் சொல்ல வேண்டியதுமில்லை. பழைய கடிதங்களுக்கு மட்டும் ஒரு நகல் எடுத்துக்கொண்டே வாருங்கள்.

ஒன்றே ஒன்றில் அசட்டையாக இருக்க முடியாது. டொமைனுக்கு உரிய காலத்தில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் அதே பெயரை வேறொருவர் வாங்கலாம். பிறகு உங்களுக்கு வரும் கடிதங்கள், கடவுச்சொல் மாற்றும் இணைப்புகள் உட்பட, அவருக்குப் போகும். வாங்கும்போதே தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்த விவரத்தைச் சொல்லி வையுங்கள்.