காரின் பின்னால் சைக்கிள்: டோ பார் மாட்டும் முன்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகள் கீழே விளையாடக் காத்திருக்கிறார்கள், அதனால் சுருக்கமாகப் பேசுகிறேன்.

நம் குடியிருப்பில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். சந்தோஷமான விஷயம். விடுமுறை நாளில் செஞ்சிக் கோட்டை அடிவாரம், திருவக்கரை கல்மரப் பூங்கா, மரக்காணம் உப்பளம், கழுவேலி ஏரிக்கரை, ஆரோவில் செம்மண் பாதை என்று போய் ஓட்டிவிட்டு வர ஆசைப்படுகிறார்கள். ஆனால் பிள்ளைகளைத் திண்டிவனம்–விழுப்புரம் நான்கு வழிச்சாலையில் லாரிகளுக்கு நடுவே சைக்கிளில் அனுப்ப யாருக்கும் மனசு வராது. சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு போகத்தான் தோன்றும். அதற்கு டோ பார் மாட்டலாமா என்று இந்த மாதம் பலர் கேட்டார்கள். அதற்கான பதில்தான் இந்தப் பேச்சு.

முதலில், டோ பார் என்றால் என்ன? காரின் பின்பக்கம், பம்பருக்கு உள்ளே, சேஸிஸோடு போல்ட் போட்டு இறுக்கும் இரும்புச் சட்டம் அது. அதன் நுனியில் உருண்டையோ சதுரக் குழாயோ இருக்கும். ஐரோப்பாவில் அந்த உருண்டை 50 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. டிரெய்லர் இழுக்க வந்த சாமான் இது. பிறகு அதன்மேல் சைக்கிள் தாங்கியையும் பொருத்தினார்கள். தாங்கியின் எடை பம்பரில் விழவே கூடாது. பம்பர் வெறும் பிளாஸ்டிக் மூடிதான்.

அடுத்தது கணக்கு. கியர் சைக்கிள் ஒன்று சுமார் 15 கிலோ. இரண்டு சைக்கிளும் தாங்கியும் சேர்ந்தால் 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டிக்கியில் ஒரு மூட்டை அரிசி போடுவதில்லையா, இது என்ன பெரிய பாரம் என்று கேட்கலாம். வித்தியாசம் அது தொங்கும் இடத்தில் இருக்கிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2.5 மீட்டர், பாரம் பின் அச்சுக்கு 1.25 மீட்டர் பின்னால் தொங்குகிறது என்றால், பின் அச்சில் 75 கிலோ ஏறும். முன் அச்சில் 25 கிலோ குறையும். ஸ்டியரிங் திருப்புவது முன் சக்கரம், பிரேக்கில் பெரும்பங்கு வேலை செய்வதும் அதுதான். பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் சாமான், பின்னால் சைக்கிள் என்று போனால் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடும். வேகத்தடையில் விழுந்து எழும்போது, நின்ற நிலையில் 50 கிலோவாக இருந்தது அதைப் போலப் பல மடங்காகப் போல்ட்டை இழுக்கும்.

இதனால்தான் தெருமுனைப் பட்டறையில் ஒரு சேனலை வைத்து வெல்டிங் அடித்து வாங்கிவிடாதீர்கள் என்கிறேன். வெல்டிங் சூட்டில் மெல்லிய தகடு பலம் இழக்கும், பெயிண்ட் வெந்து துரு பிடிக்கும். அது விரிசல் விட்டுக் கழன்றால் சைக்கிள் போய் விழுவது பின்னால் வரும் டூ வீலரின் மேல். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி எல்லோரும் என்ன வேகத்தில் வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்த டூ வீலரில் நம் பிளாக் பையனே வரலாம்.

இன்னொன்று. சைக்கிள் தாங்கி என்றால் மோட்டார் பைக்கையும் ஏற்றலாம் என்று நினைக்க வேண்டாம். சாதாரண 100 சிசி பைக்கே நூறு கிலோவைத் தாண்டும். வெளிநாட்டில் பல சிறிய கார்களுக்கு அந்த உருண்டையின் மேல் அனுமதிக்கும் பாரமே 75 கிலோதான்.

இப்போது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. முன்பக்க இரும்புக் கிராஷ் கார்டுகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. ஆகவே, உங்கள் கார் மாடலுக்குத் தயாரிப்பாளர் டோ பாரை அனுமதித்திருக்கிறாரா என்று கையேட்டில் பாருங்கள். இல்லையென்றால் டீலரிடம் எழுத்தில் கேளுங்கள். டி.என். 16 வண்டிக்காரர்கள் திண்டிவனம் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும், டி.என். 32 காரர்கள் விழுப்புரத்திலும் விசாரித்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு கடிதம் போடுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்ம் நேரத்தில் தகராறாக வந்து நிற்கும்.

அனுமதி கிடைத்தாலும் இரண்டு விஷயம் பாக்கி. ஒன்று, தாங்கி நம்பர் பிளேட்டையும் பின் விளக்குகளையும் மறைக்கும். பிரிட்டனில் தாங்கியிலேயே விளக்கோடு இன்னொரு நம்பர் பிளேட் மாட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே தனிப் பிளேட் தருகிறார்கள். இங்கே நம்பர் மறைந்தால் போலீஸ் நிறுத்துவது நியாயம்தான். பிரேக் விளக்கு மறைந்தால் ஆபத்து அதைவிடப் பெரிது. இரண்டு, பெரியவர் சைக்கிளின் நீளம் சுமார் 1.75 மீட்டர். பல சிறிய கார்களின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். சக்கரம் பக்கவாட்டில் நீட்டினால், அனுமதித்த அளவைத் தாண்டிய பாரத்துக்குச் சட்டத்தில் உள்ள அபராதம் 20,000 ரூபாய். முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

டோ பார் இல்லாமலும் வழி உண்டு. ஒரு சைக்கிள் என்றால் முன் சக்கரத்தைக் கழற்றி, பின் சீட்டை மடக்கி உள்ளேயே வையுங்கள். செலவே இல்லை. கூரைத் தாங்கி வாங்குகிறவர்கள், கூரை எவ்வளவு எடை தாங்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். கூரையில் நிற்கும் சைக்கிள் ஒரு மீட்டருக்கு மேல் உயரும். நம் கார் பார்க்கிங் கூரையையும் ஞாபகத்தில் வையுங்கள். நாலைந்து குடும்பம் சேர்ந்து போவதாக இருந்தால், ஒரு குட்டி யானை வண்டியை வாடகைக்குப் பேசிச் சைக்கிள்களை எல்லாம் அதில் கட்டி அனுப்பிவிட்டு, நாம் காரில் பின்னால் போகலாம். பங்கு போட்டால் ஆளுக்குச் சொற்பத் தொகைதான் வரும். சைக்கிள் வண்டியில் பிள்ளைகளை மட்டும் ஏற்றாதீர்கள்.

கடைசியாக, சங்கத்தின் சார்பில் ஒரு வேண்டுகோள். முறைப்படி டோ பார் மாட்டுகிறவர்கள், கழற்றி வைக்கக்கூடிய வகையையே வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். பார்க்கிங்கில் மாலையில் பிள்ளைகள் ஓடுகிறார்கள், பெரியவர்கள் இருட்டில் நடக்கிறார்கள். முழங்கால் உயரத்தில் நீட்டியிருக்கும் இரும்பு யார் கண்ணுக்கும் தெரியாது. அது முதலில் இடிப்பது நம் வீட்டுக் குழந்தையின் தலையாக இருக்கக் கூடாது.

செஞ்சிக்குப் போக விரும்புகிறவர்கள் அலுவலகப் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். குட்டி யானைக்கு நான் பேசிவைக்கிறேன்.